வெளியே வராத ராஜகுமாரன்

சுரைக்காய்க்குள் உட்கார்ந்தால் முதலில் தெரிவது புளியங்கொட்டைப் பசையின் நாற்றம்.

மூங்கிலைச் சீவி வளைத்துக் கட்டி, பழைய செய்தித்தாளைப் பசையில் தோய்த்து மேலே அடுக்கடுக்காக ஒட்டி, பச்சை வண்ணம் அடித்திருப்பார்கள். வண்ணமெல்லாம் வெளிப்பக்கத்துக்கு. உள்ளே இருப்பவனுக்குப் பசைதான். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். அதற்குப் பிறகு எறும்பு வரும். பசை தேடி வருகிற எறும்புக்கு ராஜகுமாரன் என்ற மரியாதையெல்லாம் கிடையாது.

முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு, கையில் மைக்கைப் பிடித்தபடி காத்திருக்கிறேன். எதிரே ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியே மேடையில் ஒரு சாண் அகலம் தெரியும். அந்த ஒரு சாணுக்குள் கொலுசு போட்ட இரண்டு கால்கள் வந்து நிற்கின்றன. மருதாணி நகத்தைத் தாண்டி விரலெல்லாம் அப்பியிருக்கிறது. என் மாமன் மகள் செல்லத்தின் கால்கள்.

நான் பாட ஆரம்பிக்கிறேன்.

‘காயென்று எண்ணிக் கடந்து போகாதே
கண்ணே, உள்ளே ஓர் உயிர் இருக்கு’

கால்கள் நின்று கேட்கின்றன. வெளியே கூட்டம் சத்தம் அடங்கி உட்கார்ந்திருப்பது எனக்குக் காதால் தெரிகிறது. இந்தத் தொடரை விடாமல் படிக்கிற ஒருவர் போன வாரம் ஃபோனில் கூப்பிட்டு, “எல்லாத் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டினேன், ஒயர் இழுத்தேன்னு எழுதுறீங்களே, நீங்க ஒரு நாளாவது மேடையில ஏறினது இல்லையா?” என்று கேட்டார். ஏறியிருக்கிறேன் ஐயா. மேடையின் நட்ட நடுவில் இருந்திருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வாத்தியாரின் கதை

அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கிக் கண்மாய்க் கரையோடு நடந்தால் எங்கள் ஊர். பங்குனியில் அம்மன் திருவிழா. அதற்கு நாடகம் பழக்கிக் கொடுக்க ஒரு வாத்தியார் ஹார்மோனியப் பெட்டியோடு வந்து தங்குவார். கோபக்காரர். ஸ்வரம் தப்பினால் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுத்தான் பேசுவார். சில சமயம் துப்பாமலே பேசுவார். அன்றைக்கு நாங்கள் தள்ளி நிற்போம்.

அவர் எழுதியதுதான் ‘சுரைக்காய் ராஜகுமாரன்’. காட்டில் ஒரு சூனியக்காரி. அவளுடைய சுரைப்பந்தலைப் பார்த்து ஒரு ராஜகுமாரன் கேலியாகச் சிரித்துவிடுகிறான். ‘நீயும் சுரைக்காயாய்ப் போ’ என்று சாபம் கொடுக்கிறாள். வெள்ளத்தில் மிதந்து வருகிற சுரைக்காய் அடுத்த நாட்டு அரண்மனைத் தோட்டத்தில் கரையேறுகிறது. அந்த நாட்டு ராஜகுமாரி காய்க்குள்ளிருந்து வருகிற பாட்டைக் கேட்டு மயங்கிச் சுயம்வரத்தில் அதற்கே மாலை போடுகிறாள். சுரைக்காய் இரண்டாகப் பிளக்கிறது. ராஜகுமாரன் வெளியே வருகிறான்.

நாடகம் முழுக்கப் பாட்டு. ராஜகுமாரனுக்கு வசனம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அதுவும் கடைசியில், வெளியே வந்ததும் கண்ணைக் கூசிக்கொண்டு சொல்ல வேண்டியது: ‘அடடா, வெளியே இவ்வளவு வெளிச்சமா!’

இந்த ஒரு வரியை நான் வயலில், வாய்க்காலில், பல் விளக்கும்போது என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். ‘அடடா’வில் எவ்வளவு இழுப்பது என்பதில் எனக்கும் வாத்தியாருக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. எல்லாம் ஊர்ப் பெரியவர்கள் ஒத்திகை பார்க்க வந்த நாள் வரைக்கும்தான்.

முறை பார்த்த கதை

கடைசிக் காட்சியில் செல்லம் மாலையைத் தூக்கியதும் ஒரு பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். இரண்டு பேரும் என்ன முறை என்று கேட்டார். அத்தை மகன், மாமன் மகள் என்று யாரோ சொன்னார்கள். “கட்டிக்கிற மொறையில்ல? அம்மன் சந்நிதிக்கு எதுக்க மாலை போட்டா அது கல்யாணமாச்சே” என்றார் அவர்.

சரி, ஆளை மாற்றலாம் என்று வாத்தியார் இறங்கி வந்தார். அடுத்த பையனைக் கூப்பிட்டால் அவன் செல்லத்துக்குச் சித்தப்பா மகன். அண்ணன் தங்கை முறையில் மாலை மாற்றினால் ஊர் சிரிக்கும், அம்மன் சிரிக்காது. அதற்கடுத்த பையன் மறுபடி கட்டிக்கிற முறை. எங்கள் ஊரில் யாரை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். முறை சரியென்றால் ஆபத்து, முறை தப்பென்றால் அசிங்கம். வாத்தியார் ஹார்மோனியத்தை மூடிவிட்டு, இந்த ஊருக்கு நாடகம் எழுதுவதற்கு முன்னால் வம்சாவளி எழுதியிருக்க வேண்டும் என்றார்.

கடைசியில் பெரியவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாலை சுரைக்காய்க்குப் போடப்படும். போட்டதும் படுதாவை இறக்கிவிட வேண்டும். ராஜகுமாரன் வெளியே வர வேண்டியதில்லை.

வெளியே வராதவனுக்குக் கதவு எதற்கு? சுரைக்காய்க்குக் கதவே வைக்கவில்லை. நான் மேடையில் குத்தவைத்து உட்கார வேண்டியது, கோழியைப் பஞ்சாரம் போட்டுக் கவிழ்ப்பது மாதிரி இரண்டு பேர் தூக்கி என்மேல் கவிழ்த்துவிடுவார்கள். நாடகம் முடிந்து, கூட்டம் கலைந்து, அவர்களுக்கு ஞாபகம் வந்தால் தூக்கிவிடுவார்கள். ஒரு வருஷம் ஞாபகம் வரவில்லை. அதை இன்னொரு வாரம் சொல்கிறேன்.

என் காதும் எங்கள் சண்டையும்

அப்படியென்றால் செல்லத்தை உனக்கே கட்டி வைத்திருக்கலாமே, மாலைக்கு மாலையும் ஆயிற்று, நாடகத்துக்கு நாடகமும் ஆயிற்றே என்று நீங்கள் கேட்பீர்கள். வாத்தியாரும் கேட்டார்.

என் அம்மாவும் செல்லத்தின் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். எனக்குக் காது குத்துகிற அன்று தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். மாமா சீர்த் தட்டோடு வருவதற்குள் நல்ல நேரம் முடியப் போகிறதென்று வேறு யார் மடியிலோ என்னை உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். மாமா வந்து பார்த்தார். தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசவேயில்லை. குத்தியது என் காதில். இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. அவர்களுக்குத்தான் கடைசிவரை ஆறவில்லை.

எங்கள் வீட்டில் போய்ப் பெண் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் வந்து கொடுக்கவுமில்லை. எனக்குச் செல்லத்தைப் பிடித்திருந்தது. இதை அவள் வீட்டுக்காரர் சுப்பையா படிப்பார். படிக்கட்டும், அவருக்கு இது புதுச் செய்தி இல்லை.

சுப்பையா குளத்தூர்ப் பக்கத்து ஆள். அந்த வருஷம் திருவிழாவுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர், மேடையில் செல்லம் சுரைக்காய்க்கு மாலை போடுவதைப் பார்த்தார். ஆவணியில் கல்யாணம். மைக் செட் நான்தான் கட்டினேன். இப்போதும் யாராவது புதிதாக வந்தால், “இவளுக்கு நான் ரெண்டாவது மாப்பிள்ளைங்க. மொத மாப்பிள்ளை ஒரு சொரக்கா” என்றுதான் அறிமுகம் செய்வார்.

ராசியான சுரைக்காய்

அடுத்த வருஷம் ராஜகுமாரியாக நடித்த பெண்ணுக்கு ஆடியிலேயே வரன் வந்தது. அதற்கடுத்த வருஷத்துப் பெண்ணுக்குத் திருவிழா முடிந்து கொட்டகை பிரிப்பதற்குள் நிச்சயம். ஊர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

செவ்வாய் தோஷத்துக்கு வாழை மரத்துக்குத் தாலி கட்டிக் கழிப்பதில்லையா, அதைப் போல எங்கள் சுரைக்காய்க்கு மாலை போட்டால் எந்தத் தோஷமும் கழிந்துவிடும் என்று பேச்சாகிவிட்டது. அதோடு நாடகத்துக்குப் பிடித்தது சனி. வரன் தள்ளிப்போன பெண்களின் அப்பாக்கள் வெற்றிலை பாக்கோடு வாத்தியாரைத் தேடி வந்தார்கள். பாடத் தெரியுமா என்று அவர் கேட்டால் ஜாதகத்தை நீட்டினார்கள்.

ஒரு ராஜகுமாரிக்கு மேடையேறினால் விக்கல். இன்னொருத்திக்குக் குரலே எழும்பாது. வேறு வழியில்லாமல் ராஜகுமாரியின் பாட்டையும் நானே உள்ளிருந்து குரலை மெலிதாக்கிப் பாடினேன். ஒரு சுரைக்காய் தன்னைத் தானே காதலித்து, தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்ட நாடகம் தமிழ்நாட்டில் வேறெங்கும் நடந்திருக்காது. அப்போதும் ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் கூடை ஏற்றி வருகிற வேன்காரர்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்று கேட்டுப் போவார்.

ராஜகுமாரிகள் எல்லாருக்கும் கல்யாணம் ஆயிற்று. எல்லாக் கல்யாணத்துக்கும் நான் ஸ்பீக்கர் குழாய் கட்டினேன். சுரைக்காய்க்கு உள்ளே இருந்தவனுக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. சிரிப்பாகத்தான் சொல்கிறேன், ஆனால் ஒவ்வொரு மாலையும் காகிதத்தின் மேல் ‘தொப்’ என்று விழும்போது உள்ளே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். பூவின் வாசம் கொஞ்சம் உள்ளே வரும். பசை நாற்றம் அதைத் தின்றுவிடும்.

பிறகு வாத்தியார் காலமானார். ஊருக்கு ஆடல் பாடல் நிகழ்ச்சி வந்தது. சுரைக்காயைக் கோயில் சாமான் அறையில் போட்டார்கள். கரையான் மிச்சம் வைத்ததை எலி பார்த்துக்கொண்டது.

இந்த வருஷத்து ஆசை

இத்தனை காலம் கழித்து நாடகத்தை மறுபடி போட வேண்டும் என்று இப்போது ஊர் கிளம்பியிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவே ஆரம்பித்துவிட்டார்கள். கலை ஆர்வம் என்று நினைத்து முதலில் நானும் நெஞ்சு நிறைந்துபோனேன்.

விஷயம் வேறு. காலம் தலைகீழாகிவிட்டது. எங்கள் ஊரில் இப்போது பெண்களுக்கு வரன் தேடுகிறவர்கள் இல்லை, பையன்களுக்குத்தான் பெண் கிடைக்கவில்லை. சிங்கப்பூர் போய்வந்தவன், துபாயில் இருக்கிறவன், சொந்தமாக ஜேசிபி வைத்திருப்பவன் என்று ஒரு கபடி அணிக்கு மேலேயே தேறும். எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள். பெண்கள் படித்துவிட்டுத் திருச்சி, சென்னை என்று போய்விட்டார்கள். தரகர்கள் பையன் வீடு என்றாலே ஃபோனை எடுப்பதில்லை. அப்போதுதான் யாருக்கோ சுரைக்காய் ஞாபகம் வந்திருக்கிறது. பெண்ணுக்குத் தோஷம் கழித்த காய் பையனுக்குக் கழிக்காதா?

விழாக் கமிட்டித் தலைவர் ராமசாமிக்குச் சரவணன் என்று ஒரு மகன், ஜேசிபிக்காரன். ஆக ராமசாமிக்கு நாடகத்தின் மேல் திடீரென்று பெரும் பக்தி. சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். இந்த முறை சுரைக்காய்க்குக் கதவு உண்டு, ராஜகுமாரன் வெளியே வருவான், மாலை அவன் கழுத்தில்தான் விழும் என்று தீர்மானம். முறையெல்லாம் பார்க்க வேண்டாமா என்று நான் கேட்டேன். “மொறையா? பொண்ணு கெடைச்சாப் போதும்ணே” என்றார் ராமசாமி.

ராஜகுமாரன் வெளியே வருகிறான். அந்த ஒரு வரியை இனிச் சொல்லலாம். நான் இஸ்திரி போட்ட சட்டையில் போயிருந்தேன். வயது அறுபதைத் தாண்டினால் என்ன, பாதி நாடகத்துக்குக் காய்க்குள்தானே இருக்கப் போகிறேன் என்று வாயைத் திறந்து கேட்டும்விட்டேன்.

ராமசாமி நெளிந்தார். “தப்பா நெனைக்காதீங்கண்ணே. பாட்டு ஒங்க பாட்டுதான், அதுல மாத்தமே இல்ல. நீங்க ஓரமா சேர்ல உக்காந்து பாடுங்க. உள்ள பயலுவ இருக்கட்டும். அத்தனை வருசம் நீங்க உள்ள இருந்தீங்க, ஆனா வெளிய வரல. வெளிய வராததாலதான ஒங்களுக்கு ஒண்ணும் நடக்காமப் போச்சு?”

கூட்டத்தில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஏதோ ஒரு பெரிய கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி என்னைப் பார்த்தார்கள். காதுகுத்துச் சண்டையை விட்டுவிட்டார்கள், ஒயர் இழுத்துப் பிழைத்த என் வறுமையை விட்டுவிட்டார்கள். கதவு இல்லாத ஒரு காய்தான் காரணம். சரி என்றேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

ஒத்திகை

இதை எழுதுகிற இன்றுவரை ராஜகுமாரி கிடைக்கவில்லை. ராஜகுமாரனாக ஏழு பேர் வரிசையில் நிற்கிறார்கள். நர்ஸிங் படிக்கிற ஒரு பெண்ணிடம் ஃபோனில் கேட்டதற்கு, மாலை போடுகிறேன், போட்டதும் நேராக ஹாஸ்டலுக்குப் போய்விடுவேன், பின்னாலேயே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் வரக்கூடாது என்றாளாம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

அதுவரை ஒத்திகைக்கு யாராவது நிற்க வேண்டுமே. சுப்பையா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவரும் செல்லமும் மாமா வீட்டுக்கே வந்து குடியேறிவிட்டார்கள். அவர்தான் செல்லத்தை முன்னால் தள்ளிவிட்டார். அவள் வீட்டில் அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தேன் என்றார் அவர்.

போன வாரம், விளக்கு வைக்கிற நேரம். சமுதாயக் கூடத்தில் புதுச் சுரைக்காய் நின்றது. கல்யாண மண்டபத்துக்கு மேடை ஜோடிக்கிறவர்கள் தெர்மாகோலில் செய்தது. பசை நாற்றம் இல்லை, எறும்பு இல்லை. உள்ளே ஸ்டூல் போட்டுச் சரவணன் உட்கார்ந்திருந்தான். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். கையில் மைக். செல்லம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மரிக்கொழுந்து வைத்துக் கட்டின மாலையோடு நின்றாள்.

பாட ஆரம்பித்தேன். முதல் அடியில் குரல் பிசிறியது. இரண்டாம் அடியில் பிடித்துக்கொண்டது. ‘கண்ணே, உள்ளே ஓர் உயிர் இருக்கு’ என்று மேலே போகும்போது கரண்ட் போய்விட்டது.

மைக் செத்தது. எனக்கு அது பழக்கம்தான், நிறுத்தாமல் பாடினேன். கூடத்தில் ஒரே இருட்டு. சுரைக்காய் மட்டும் மங்கலாக வெளிச்சமாக இருந்தது. உள்ளே சரவணன் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். தெர்மாகோல் வழியே நீலமாக வெளிச்சம் கசிந்து, காய் எங்கே இருக்கிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்படி இருந்தது.

மாலை போடுகிற இடம் வந்தது. கொலுசுச் சத்தம் கேட்டது. சுரைக்காய்ப் பக்கம் போக வேண்டிய சத்தம் என் பக்கம் வந்தது. வயதாகிவிட்டது, நடை மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. மரிக்கொழுந்து வாசம் வந்தது. மாலை என் கழுத்தில் விழுந்தது. காகிதத்தில் விழுகிற சத்தம் இல்லை. சில்லென்று ஈரமாக இருந்தது.

“இப்பவாவது வெளிய வாங்க மச்சான்” என்றாள் செல்லம்.

எழுந்தேன். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. இத்தனை காலமாகப் பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்த வரி தானாக வாய்க்கு வந்தது.

“அடடா, வெளியே இவ்வளவு வெளிச்சமா!”

இருட்டுக்குள்ளிருந்து சுப்பையாவின் குரல் வந்தது.

“அண்ணே, கரண்ட் இல்லண்ணே.”

கூடமே சிரித்தது. ராமசாமி சிரித்தார், நானும் சிரித்தேன். சுரைக்காய்க் கதவைத் திறந்து தலையை நீட்டிய சரவணன், இப்போது வெளியே வரலாமா என்று கேட்க, இன்னும் சிரித்தார்கள்.

செல்லம் மட்டும் சிரிக்கவில்லை. “சும்மா இருங்க எல்லாரும்” என்றாள். “இத்தன வருசமா உள்ளயே இருந்தவருக்கு அப்பிடித்தான் தெரியும்.”

அதற்குப் பிறகும் கரண்ட் வர நேரமாயிற்று. எனக்கு அது நல்லதாகப் போயிற்று.